சிப்பாயின் காலும் துரையின் பேனாவும்
ராணுவப் பரிசு ஒன்றின் சரித்திரம்

ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு நிற்பவன் இரண்டு காட்சிகளைக் காணலாம். தொழிற்பேட்டையின் அகலமான வீதிகளில் இளைஞர்கள் கூட்டமாக ஓடுகிறார்கள். ராணுவத்தில் ஆள் எடுக்கும் நாளுக்காகத் தேகத்தைப் பக்குவம் செய்கிறவர்கள் அவர்கள். அதே வீதியில், தொழிற்சாலைகளின் வாசலில், நீலச் சட்டையும் விசிலுமாக வேறு சிலர் நிற்கிறார்கள். அவர்களில் பலர் ராணுவத்தில் பதினேழு, இருபது வருஷம் சேவை செய்து பென்ஷன் பெற்று வந்தவர்கள். பட்டாளத்துக்குப் போகப்போகிறவனும், பட்டாளத்திலிருந்து வந்துவிட்டவனும் அங்கே தினந்தோறும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள், பேசிக்கொள்வது அபூர்வம்.

சில வாரங்களுக்கு முன் அப்படி வாசற் காவலில் இருந்த ஒரு மாஜி ஹவில்தாரோடு அரை மணி நேரம் பேசும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. எல்லைப்புற மலைகளில் பல நாள் நடந்து வழி பார்த்து வந்தவர் அவர். எந்த ஓடையில் எந்த மாதம் நீர் இறங்கும், எந்தக் கணவாயில் கோவேறு கழுதை ஏறும், எங்கே ஏறாது என்பதையெல்லாம் நேற்றுப் பார்த்தது போலச் சொன்னார். "இதையெல்லாம் எழுதி வைத்தீர்களா, ஐயா?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "நடந்தது நான், சார். எழுதினது எங்கள் ஸாஹெப். எழுதச் சொல்லி என்னை யார் கேட்டார்கள்?" என்றார். அதில் மனக்கசப்பு இல்லை. மழை மேலிருந்து கீழே பெய்கிறது என்று சொல்வது போல அதைச் சொன்னார்.

அந்தப் பதில் நம்மை ஒரு பழைய பரிசின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கத் தூண்டியது. ராணுவத்தில் எழுதுகிறவனுக்கும் நடக்கிறவனுக்கும் தனித்தனியே பரிசு வைத்த கதை அது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட அந்தக் கதையில் நமது மாகாணத்துக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அது முதலில் அவமானத்தின் பங்காகவும், பின்னர் கௌரவத்தின் பங்காகவும் இருந்தது.

பரிசு பிறந்த விதம்

1870-ஆம் வருஷத்தில் சிம்லாவில் "யுனைடெட் ஸர்வீஸ் இன்ஸ்டிட்யூஷன் ஆப் இந்தியா" என்ற சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அதை ஸ்தாபித்தவர் சார்லஸ் மக்ரெகர் என்ற ஆங்கிலேய அதிகாரி. பிற்காலத்தில் மேஜர் ஜெனரலாகவும் ஸர் பட்டம் பெற்றவராகவும் விளங்கியவர். ராணுவ அதிகாரிகள் ஓய்வு நேரத்தைப் போலோவிலும் விருந்திலும் கழித்து வந்த காலம் அது. அவர்களுக்கு ஒரு நூல்நிலையம், ஒரு பத்திரிகை, ஒரு பேச்சு மேடை வேண்டும் என்று மக்ரெகர் எண்ணினார். ரஷ்யா மத்திய ஆசியாவில் நகரம் நகரமாக விழுங்கி வருகிறது என்ற பயம் அவரை விட்டு ஒருநாளும் நீங்கியதில்லை. வடமேற்குக்கு அப்பாலுள்ள தேசங்களின் பாதைகளையும் மலைகளையும் மக்களையும் பற்றிய அறிவே சாம்ராஜ்யத்துக்கு அரண் என்பது அவர் கொள்கை.

சங்கம் தோன்றிய சில மாதங்களிலேயே அதன் பத்திரிகை தோன்றியது. அத்துடன் ஒரு போட்டியும் தோன்றியது. ராணுவ விஷயமாக மிகச் சிறந்த வியாசம் எழுதும் அதிகாரிக்கு ஒரு தங்கப் பதக்கம்! 1872-ஆம் வருஷத்து வெற்றியாளராகப் பரிசுப் பட்டியலின் தலையில் நிற்கும் பெயர் லெப்டினெண்டு கர்னல் ராபர்ட்ஸ். 1858-இல் விக்டோரியா கிராஸ் பெற்றவர். பின்னர் காந்தஹார் லார்ட் ராபர்ட்ஸ் என்று உலகமறிய விளங்கியவர். அவரைப் பற்றிச் சற்றுப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

போட்டியின் விதிகளை ஒரு வக்கீலின் கண்ணோடு படித்தால் அவற்றை மெச்சாமல் இருக்க முடியாது. வியாசத்தில் எழுதியவரின் பெயர் இருக்கலாகாது. அதற்குப் பதிலாக ஒரு முத்திரை வாசகத்தை அவர் எழுத வேண்டும். முத்திரை போட்ட தனி உறையொன்றின் மேற்புறம் அதே வாசகத்தையும், உள்ளே தம் பெயரையும் எழுதி வியாசத்தோடு அனுப்ப வேண்டும். சங்கத்தின் நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்த மூன்று நடுவர்கள் வியாசங்களைப் படிப்பார்கள். எழுதியவர் மேஜரா, லெப்டினெண்டா, பிரபுவின் மகனா, பாதிரியாரின் மகனா என்பது அவர்களுக்குத் தெரியாது. தீர்ப்பு முடிந்த பிறகே உறை பிரிக்கப்படும். படிப்படியாகச் சலாம் போடும் ஒரு ஸ்தாபனத்தில், வாதத்தின் பலத்தைத் தவிர வேறெதற்கும் எடை கொடாத ஒரு மூலையை இந்த விதிகள் உண்டாக்கின. கோர்ட்டுகளிலும் இவ்வளவு கண்ணைக் கட்டிய நீதியை நாம் அடிக்கடி கண்டதில்லை.

ஆனால் நீதி தேவதையின் கண்ணைக் கட்டியவர்கள், கோர்ட்டு வாசலில் ஒரு சேவகனையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். போட்டி அதிகாரிகளுக்கு. வியாசம் ஆங்கிலத்தில். படையை நடத்தும் முழு அதிகாரமுள்ள ராஜ கமிஷனோ அக்காலத்தில் இந்தியனுக்கு மூடிய கதவு. சிப்பாயாகச் சேர்ந்து முப்பது வருஷம் உழைத்து ஸுபேதார் மேஜரான கிழவரும், நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய இருபது வயது வெள்ளைக்கார லெப்டினெண்டுக்குக் கீழ்ப்பட்டவரே. உறைக்குள் இருக்கும் பெயரை நடுவர்கள் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். உறையைக் கொண்டுவரக் கூடியவர்கள் யார் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது.

ராபர்ட்ஸும் நம்மவர்களும்

முதல் தங்கப் பதக்கம் பெற்ற ராபர்ட்ஸ் 1881-இல் சென்னை ராணுவத்தின் சேனாதிபதியாக வந்தார். 1885 வரை இங்கே இருந்தார். அவ்வருஷமே இந்தியா முழுமைக்கும் பிரதம சேனாதிபதியாகி, 1893 வரை அப்பதவியை வகித்தார். சென்னையில் இருந்த நாட்களில் அவர் கண்டு முடிவு செய்த விஷயத்தை 1897-இல் வெளியான தமது சுயசரிதையில் ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார். நீண்ட காலச் சமாதானம் தென்னாட்டுச் சிப்பாயின் போர்க் குணத்தை அழித்துவிட்டது. அவனை வடமேற்கு எல்லையில் ஐரோப்பியப் பகைவனுக்கு எதிரே நிறுத்த முடியாது. ஆள் வேண்டுமானால் சீக்கியரிடமும் கூர்க்கரிடமும் பட்டாணியரிடமும் போக வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயத்தின் சாரம்.

இதைத்தான் பிற்காலத்தார் "போர்க்குலச் சித்தாந்தம்" என்று அழைத்தார்கள். ராபர்ட்ஸ் ஒருவரே அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஆனால் அதைக் கையில் ஏந்திச் செயல்படுத்தும் அதிகாரம் அவருக்கு இருந்தது. சென்னைப் பட்டாளங்கள் சில கலைக்கப்பட்டன. சிலவற்றின் பெயரையும் நம்பரையும் வைத்துக்கொண்டு உள்ளே வடநாட்டு ஆட்களை நிரப்பினார்கள். 1895-இல் மாகாண ராணுவங்கள் என்ற ஏற்பாடே ஒழிந்தது. அந்தச் சித்தாந்தம் ராபர்ட்ஸுக்குப் பிறகும் வாழ்ந்தது. 1928-க்குள் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, காலாட்படையில் நம் மாகாணத்தின் பெயரே இல்லாமற் போயிற்று. பாலம் கட்டவும் சுரங்கம் வைக்கவும் பாதை போடவும் வல்ல மதராஸ் ஸாப்பர்கள் மட்டும் எஞ்சினார்கள்.

எந்த நாட்டார் இவர்கள்? கிளைவும் கூட்டும் யாருடைய தோளின் மேல் ஏறி நின்று சாம்ராஜ்யம் பிடித்தார்களோ, அந்நாட்டார். 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்து, தாங்கள் கையாலாகாதவர்கள் அல்லர் என்பதைத் தங்கள் எஜமானர்களுக்கே காட்டியவர்கள். அவர்களை ஒரு பேனாக் கீறலால் "வீரம் வற்றியவர்கள்" என்று எழுதிவிட்டார்கள். எழுதியவர் வியாசப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர். அவர் எழுதினால் அரசாங்கம் படிக்கும். எழுதப்பட்டவனோ போட்டிக்கே வர இயலாதவன். அவன் மறுமொழி எழுதினாலும் அச்சேற்றப் பத்திரிகை இல்லை. ஒரு தரப்பு வாதத்தை மட்டும் கேட்டுச் சொல்லப்பட்ட தீர்ப்பு இது. சட்டம் படித்தவர்கள் இதற்கு என்ன மதிப்பு என்பதை அறிவார்கள்.

எழுதும் கலையை அலட்சியமாக நினைக்கும் நமது வாலிபர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். தென்னாட்டுச் சிப்பாயைத் தோற்கடித்தது எந்தப் பகைவனின் பீரங்கியும் அன்று. அவனைப் பற்றிப் பிறர் எழுதினார்கள், அவன் எழுதவில்லை. தோல்வி அங்கேதான் நேர்ந்தது.

நடந்தவனுக்கு வெள்ளி

மக்ரெகர் 1887-இல் கெய்ரோவில் காலமானார். அவர் ஞாபகார்த்தமாக நண்பர்கள் நிதி சேர்த்து, 1888-இல் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தினார்கள். இது வியாசத்துக்கு அல்ல, வேவுக்கு. வருஷத்தில் மிகச் சிறந்த ராணுவ வேவுப் பிரயாணம் அல்லது புது நிலம் ஆராயும் பிரயாணம் செய்தவருக்கு மக்ரெகர் பதக்கம் என்பது விதி. நிதியின் நிர்வாகம் மேற்படி சங்கத்திடமே ஒப்படைக்கப்பட்டது.

இந்தப் பதக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. வியாசப் போட்டியைப் போலன்றி, இது சிப்பாய்க்கும் திறந்திருந்தது. அதிகாரிக்கு ஒரு வெள்ளிப் பதக்கம். சிப்பாய்க்கு ஒரு வெள்ளிப் பதக்கமும் நூறு ரூபாய் இனாமும். காரியம் மிகப் பெரிதாகவோ, உயிருக்கு அபாயம் மிகுந்ததாகவோ இருந்தால் தங்கப் பதக்கமும் உண்டு. இந்தியச் சிப்பாய் அப்பதக்கத்தின் பிரதியை விசேஷ அணிவகுப்புகளில் கழுத்தில் நாடாவால் தொங்கவிட்டுக் கொள்ளலாம் என்றும் விதி இருந்தது.

முதலில் பெற்றவர் கர்னல் மார்க் பெல். பீகிங்கிலிருந்து சீன துருக்கிஸ்தானத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தவர் அவர். அடுத்த வருஷம் யங்ஹஸ்பெண்டு. 1903-04-இல் திபெத்தின் மேல் படை கொண்டு சென்றாரே, அவரேதான். 1914-இல் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும். திபெத்தின் ஸாங்போ நதியும் அஸ்ஸாமின் பிரமபுத்திராவும் ஒன்றே என்பதைக் கால்நடையாகச் சென்று உறுதி செய்தவர்கள். 1943-இல் பர்மாக் காட்டில் ஜப்பானியரின் முதுகுப்புறம் புகுந்த விங்கேட்.

இந்தத் துரைகளின் பெயர்களை ஆங்கிலப் புத்தகங்கள் யாவும் சொல்லும். அதே பட்டியலில் அவர்கள் பக்கத்திலேயே நிற்கும் வேறு சில பெயர்களை நாம் சொல்ல விரும்புகிறோம். தபேதார் ஷாஜாத் மீர் என்பவர் 1896-இல் திபெத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து சீனம் சேர்ந்த காப்டன் வெல்பியின் குழுவில் நில அளவைப் பணி செய்தவர். உணவு தீர்ந்து, பொதி மிருகங்கள் மடிந்து, மனிதர்கள் தள்ளாடிய நிலையிலும் தினந்தோறும் அளவு எடுத்துப் படத்தில் குறித்து வந்தார். திரும்பி வந்ததும் வெல்பி ஒரு நூல் எழுதினார். ஷாஜாத் மீருக்கு மக்ரெகர் பதக்கம் கிடைத்தது. இன்னொருவர் கைபர் ரைபிள்ஸ் சிப்பாய் மியான் அப்ராஸ் குல். 1913 முதல் 1915 வரை ஆரல் ஸ்டைனுடன் மத்திய ஆசியாவின் பாலைவனங்களை அளந்தவர்; 1917-இல் பதக்கம் பெற்றவர். 1929-இல் ஹாலந்து தேசத்து விஸர் தம்பதிகளோடு காரகோரம் சென்று, சியாச்சென் பனிப்பிரதேசத்திலும் அளவைப் பணி செய்தார். சியாச்சென் என்ற பெயரை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

ஆக, ஒரே சங்கத்தில் இரண்டு பரிசுகள். தங்கம் வியாசத்துக்கு, அது துரையின் பேனாவுக்கு. வெள்ளியும் நூறு ரூபாயும் பிரயாணத்துக்கு, அதில் சிப்பாயின் காலுக்கும் பங்கு உண்டு. அவன் கண்டதை அவன் பெயரால் கேட்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. நடந்தவன் ஒருவன், எழுதியவன் மற்றொருவன் என்ற ஏற்பாட்டை இந்தப் பரிசுகள் உண்டாக்கவில்லை. இருந்த ஏற்பாட்டை அவை ஒழுங்காகப் பதக்கத்தில் அடித்துக் காட்டின.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துச் சர்க்காரின் மற்ற ஏடுகளில் "மூன்று கூலிகள், ஒரு வழிகாட்டி" என்று எண்ணிக்கையாக மட்டும் கிடக்கும் மனிதர்களில் சிலர், இந்தப் பட்டியலில் பெயரோடும் பட்டாளத்தோடும் நிற்கிறார்கள். மக்ரெகரின் நண்பர்கள் வேறு எந்த நோக்கத்தோடு செய்திருந்தாலும், அவ்வளவாவது செய்தார்கள். சுதந்திரம் பெற்ற நாம் அதற்கு மேல் என்ன செய்தோம் என்பதே கேள்வி.

கதவு திறந்த வரலாறு

1917-இல், ஐரோப்பிய மகா யுத்தத்தின் நெருக்கடியில், இந்தியருக்கு ராஜ கமிஷன் இல்லை என்ற தடை நீங்கியது. வருஷத்துக்குப் பத்து இந்திய வாலிபர்களுக்கு ஸாண்ட்ஹர்ஸ்ட் கலாசாலையில் இடம் என்றார்கள். முப்பது கோடி ஜனங்களுக்குப் பத்து இடம்!

இந்தப் பிச்சையை ஏற்க மறுத்து எழுந்த குரல்களில் ஒன்று சென்னை வக்கீல் ஒருவருடையது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஸர் பி. எஸ். சிவஸ்வாமி ஐயர் 1921-இல் டில்லி சட்டசபையில் ராணுவத்தைப் பற்றிய தீர்மானங்களைக் கொண்டு வந்தார். ஒவ்வொரு வருஷமும் வழங்கும் ராஜ கமிஷன்களில் ஆரம்பத்திலேயே நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் குறையாமல் இந்தியருக்குத் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அவர் துப்பாக்கி பிடித்தவர் அல்லர். மிதவாதி, நிதானமான பேச்சுக்காரர். ஆயினும் ராணுவ பட்ஜெட்டையும் கமிட்டி அறிக்கைகளையும் வரிக்கு வரி படித்து, சேனாதிபதிகளின் எதிரே நின்று அவர்களுடைய எண்களைக் கொண்டே அவர்களை மடக்கினார். அறிவும் ஒரு படைக்கலம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

பிறகு கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 1932-இல் டேராடூனில் இந்திய ராணுவக் கலாசாலை ஏற்பட்டது. 1933-இல் குடகு நாட்டுக் கரியப்பா குவெட்டா ஸ்டாப் காலேஜில் புகுந்த முதல் இந்திய அதிகாரியானார். 1949 ஜனவரி 15-ஆம் தேதி முதல் இந்தியப் பிரதம சேனாதிபதியும் ஆனார். 1905-இல் தேவ்லாலியில் பிறந்து 1907-இல் குவெட்டா சென்ற அந்தக் காலேஜும் பிரிவினையின்போது பாகம் பிரிக்கப்பட்டது. நமது பாகம் வந்து அமர்ந்த இடம் நீலகிரியிலுள்ள வெலிங்டன். அங்கே முதல் கமாண்டண்டாக இருந்த லெண்டெய்னின் பெயரால், சிறந்த ஆராய்ச்சி வியாசத்துக்கு ஒரு மெடல் ஏற்பட்டது. அங்கே பயிலும் அதிகாரிகளுக்குச் சென்னை ஸர்வகலாசாலை எம்.எஸ்ஸி. பட்டம் வழங்கி வருகிறது. 1963 முதல் பரங்கிமலையிலும் அதிகாரிகளைப் பயிற்றும் கலாசாலை நடக்கிறது. "வீரம் வற்றிய நாடு" என்று ராபர்ட்ஸ் தீர்ப்புச் சொன்ன அதே தமிழ் மண்ணில், இந்தியச் சேனையின் மூளை பயிற்சி பெறுகிறது!

தீர்ப்புக்கு மறுமொழி இரத்தத்தாலும் எழுதப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆள் தேவைப்பட்டதும் போர்க்குலச் சித்தாந்தம் காற்றில் பறந்தது. மதராஸ் ரெஜிமெண்டு மறுபடி எழுப்பப்பட்டது. 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி இத்தாலியில், மதராஸ் ஸாப்பர் ஸுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தம் உடலைப் போர்த்தித் தோழர்களைக் காத்து மாண்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில், காஞ்சீபுரத்துப் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர் அவர். பிள்ளைப்பாக்கத்தில் ஓடும் வாலிபர்களுக்கு அவர் அண்டை வீட்டுக்காரர். அவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

பேனாவாலும் மறுமொழி எழுதப்பட்டது. செங்கற்பட்டில் பிறந்த கிருஷ்ணஸ்வாமி சுந்தர்ஜி 1981-இல் மௌ நகரத்து யுத்தக் கலாசாலையின் தலைவராக இருந்தபோது, அணுகுண்டு உள்ள பகைவனைப் பற்றி அதிகாரிகள் கூசாமல் யோசித்து எழுத வேண்டும் என்று கேள்விகளை அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்து அச்சிட்டார். 1986 முதல் 1988 வரை இந்திய ராணுவத்தின் தலைவராக இருந்தார். ஓய்வு பெற்றபின் 1993-இல் அணு ஆயுதக் கொள்கையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அவருடைய கொள்கைகளையும் அவர் நடத்திய நடவடிக்கைகளையும் குறை கூறுவோர் உண்டு. நமக்கும் சில ஆட்சேபங்கள் உண்டு. ஆனால் தென்னாட்டான் போரைப் பற்றி யோசிக்கத் தெரியாதவன் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

ஒரு நடை காத்த நிலம்

சுதந்திர இந்தியா மக்ரெகர் பதக்கத்தைத் தூக்கி எறியவில்லை. 1949-இல் திபெத்துக்குள் ரகசியமாகச் சென்று வந்த ஜோராவர் சந்த் பக்ஷி அதைப் பெற்றார். காலப்போக்கில் மலையேற்றம், கடற்பயணம் முதலிய சாகசங்களுக்கும் அது விரிந்தது. கரையில் எங்கும் ஒதுங்காமல் தனியாகப் பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றி 2013-இல் மும்பை திரும்பிய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதைப் பெற்றவர்களில் ஒருவர்.

இன்னொருவரைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டும். கர்னல் நரேந்திர குமார், வெளிநாட்டார் ஒருவர் கொண்டுவந்த பூகோளப் படத்தில், சியாச்சென் பனிப்பிரதேசம் பாகிஸ்தானைச் சேர்ந்தது போல் கோடு இழுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். தவறு அச்சுக்காரனுடையது என்று அவர் படத்தை மடித்து வைக்கவில்லை. 1978-இலும் 1981-இலும் குழுக்களுடன் அப்பனிமேல் ஏறினார். பாகிஸ்தானின் அனுமதி பெற்ற பிறநாட்டு மலையேறிகள் அங்கே வந்துபோன அடையாளங்களைக் கண்டார். படமும் குறிப்பும் எடுத்தார். மேலதிகாரிகளுக்கு அறிக்கை தந்தார். 1984 ஏப்ரலில் இந்தியத் துருப்புகள் அந்தச் சிகரங்களில் முந்திக்கொண்டு ஏறியதற்கு அந்த நடையும் அந்த எழுத்தும் ஆதாரமாயின. 1929-இல் சிப்பாயாக ஆரம்பித்த அப்ராஸ் குல் அளந்த பூமி. ஐம்பது வருஷத்துக்குப் பின் ஓர் இந்திய அதிகாரி நடந்து எழுதிக் காத்த பூமி. இங்கே நடந்தவனும் எழுதியவனும் ஒருவனே. நாம் வேண்டுவது இதுவே.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1962-இல் சீனருடன் நேர்ந்த யுத்தத்துக்கு முன்பு, எல்லையில் நின்ற அதிகாரிகள் சிலர் கண்ட உண்மையை மேலிடம் கேட்க விரும்பவில்லை. தோல்விக்குப் பின் விசாரித்து எழுதப்பட்ட அறிக்கையையும் இந்திய சர்க்கார் முறையாகப் பிரசுரிக்கவில்லை. அறிவை அடைத்து வைத்த சேனை, அதே பாடத்தை மறுபடியும் இரத்தம் கொடுத்துத்தான் படிக்க வேண்டும்.

நமது யோசனை

தங்கப் பதக்க வியாசப் போட்டி இன்றும் நடக்கிறது. சங்கம் சிம்லாவை விட்டு டில்லிக்கு வந்துவிட்டது. ஒரு பிரிவு எல்லா அதிகாரிகளுக்கும், மற்றொரு பிரிவு பத்து வருஷத்துக்கு உட்பட்ட சேவையுள்ள இளம் அதிகாரிகளுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளைப்பாக்கத்து ஹவில்தார் அந்தப் போட்டியின் வாசலிலும் வெளியேதான் நிற்கிறார். 1872-இல் அவர் பாட்டனாரைத் தடுத்தது நிறம். இன்று இவரைத் தடுப்பவை அந்தஸ்தும் பாஷையும்.

தமிழ்நாட்டில் வேலூர் முதலிய ஜில்லாக்களில் வீட்டுக்கு வீடு பட்டாளத்தான் உள்ள கிராமங்கள் இருக்கின்றன. இலங்கையிலும் கார்கிலிலும் சியாச்செனிலும் நின்று வந்தவர்கள் அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் அவர்களோடு சிதையேறுகிறது. அல்லது புதைகுழியில் இறங்குகிறது. ஆகையால் நாம் சொல்லும் யோசனை இது: ராணுவ விஷயமாகத் தமிழில் எழுதப்படும் சிறந்த வியாசத்துக்கு வருஷந்தோறும் ஒரு பதக்கம் ஏற்பட வேண்டும். சிப்பாய் முதல் ஜெனரல் வரை, சேவையில் உள்ளவர், ஓய்வு பெற்றவர் எல்லோரும் அதற்கு உரியவர். பழைய போட்டியிலிருந்து ஒரே ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்வோம், முத்திரையிட்ட உறை. நாயக் எழுதியதா, பிரிகேடியர் எழுதியதா என்று நடுவர்களுக்குத் தெரிய வேண்டாம். சென்னை ஸர்வகலாசாலையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் நடுவர்களைத் தரட்டும். பேனா பிடித்துப் பழகாதவருக்கு, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் மாணாக்கன் ஒருவன் துணை நிற்கட்டும். ஆனால் பதக்கம் சொன்னவருடையதாகவே இருக்கட்டும்.

விஷயத்துக்குப் பஞ்சமா? காஞ்சீபுரத்துக்கு அருகே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து அழித்தார்கள். ஒரு நாள் நடைக்குக் குறைந்த தூரத்தில், காஞ்சியில், மன்றோவின் பெரிய சேனை இருந்தும் உரிய நேரத்தில் உதவிக்கு வந்து சேரவில்லை. ஏன்? ஏரிக்கரைகளும் வயற்சேறும் அந்தப் போரில் என்ன வேலை செய்தன? இங்கே பிறந்து, சேற்றில் நடந்து, பிறகு பட்டாளத்திலும் நடந்தவனைவிட இதை எழுதத் தகுந்தவன் யார்?

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் வரும். ராணுவ ரகசியம் வெளியாகும் என்பது முதலாவது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய யுத்தத்தில் ரகசியம் இல்லை. அண்மைக் கால விஷயங்களுக்குத் தணிக்கை விதிகள் இருக்கவே இருக்கின்றன. சிப்பாய் விமரிசனம் எழுதினால் கட்டுப்பாடு குலையும் என்பது இரண்டாவது. இதே வார்த்தையை 1872-இல் கிழட்டு ஜெனரல்கள் இளம் லெப்டினெண்டுகளைப் பற்றியும் சொல்லியிருக்கக் கூடும். லெப்டினெண்டுகள் எழுதினார்கள், சேனை குலையவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிவது வேறு. உத்தரவு நிறைவேறிய பின் நடந்ததை ஆராய்வது வேறு. இரண்டையும் செய்யத் தெரிந்த சேனையே பலமுள்ள சேனை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைப்பாக்கத்திலும் ஒரகடத்திலும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் வாசலை இரவு முழுவதும் விழித்திருந்து காப்பவர்களில் பலர் மாஜி ராணுவத்தார். ஒரு பதக்கத்துக்கு வேண்டிய நிதி ஆலைச் சொந்தக்காரர்களுக்கு ஒரு நாளைய மின்சாரச் செலவும் ஆகாது.

ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ஒரு மகான், குருவினிடம் பெற்ற ரகசிய மந்திரத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ள மனமின்றி, திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார் என்பது நாடறிந்த கதை. தகுதியுள்ளவர் தகுதியற்றவர் என்று பிறர் வகுத்த கோட்டை அவர் ஒப்பவில்லை. அவருடைய ஊருக்கு அடுத்த ஊரில், மலைகளையும் கணவாய்களையும் நெஞ்சில் சுமந்துகொண்டு ஒரு மனிதர் விசிலோடு நிற்கிறார். எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. நாம் கேட்போம். அவர் எழுதட்டும், விடியற்காலையில் அந்த வீதியில் ஓடும் வாலிபன் அதைப் படிக்கட்டும்.